செமினியில் சாப்பாடு தேடுவது எப்படி: விடியற்காலை முதல் நள்ளிரவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

செமினிக்குச் சாப்பிடவென்று முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு வருகிறார்கள். புதிய கடைவரிசையில் குளிர்சாதனம் ஓடும் கடையாகப் பார்த்து உட்கார்கிறார்கள். காஜாங்கிலும் பாங்கியிலும் கிடைக்கிற அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, "இங்கே ஒன்றும் விசேஷமில்லையே" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். ஊர் மேல் தப்பில்லை, வந்த நேரம்தான் தப்பு. இங்கே நல்ல சாப்பாட்டில் பாதி காலை ஒன்பதரைக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். மீதியில் ஒரு பங்கு மாலை ஐந்துக்கு மேல்தான் அடுப்பேறும்.

அதனால் இந்த வழிகாட்டி கடைப்பெயர்களின் பட்டியலாக இல்லை. வளர்ந்துகொண்டிருக்கும் ஊரில் கடைகள் இடம் மாறும், கைமாறும், மூடும். ஊர் எந்த நேரத்தில் எங்கே சாப்பிடுகிறது என்று தெரிந்துவிட்டால் கடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம்

செமினி, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்கிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டது 1890களில். அப்புறம் சுற்றுவட்டாரம் முழுவதும் தோட்டங்கள் வந்தன. தமிழர்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேறினார்கள். பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் பல இடங்களில் போய்த் தாமான்கள், அதாவது வீடமைப்புப் பகுதிகள், வந்தன. 2005ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் புரோகா சாலைக்கு வந்து சேர்ந்தது. 2017 ஜூலையில் காஜாங் வரை எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியதும், கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீடு வாங்குவது நடக்கக்கூடிய காரியமாகிவிட்டது.

சாப்பாட்டைத் தேடுகிறவருக்கு இந்த வரலாறு எதற்கு? லயம் காலியானபோது அடுப்பு காலியாகவில்லை என்பதற்காகத்தான். தோட்டத்துக் குடும்பங்கள் பக்கத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் மாறின. திருவிழாவுக்கு ஊருக்கே சமைத்தவர்கள், கல்யாண வீட்டில் அண்டா கிண்டியவர்கள் இன்று வீட்டு வாசலில் மடக்கு மேசை போட்டுக் காலைப் பசியாறல் விற்கிறார்கள். கூகுள் வரைபடத்தில் இவர்கள் இருக்க மாட்டார்கள்.

பால்வெட்டு விடியுமுன்னே தொடங்கும் வேலை. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அந்தக் காலத்தில் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனவர்களின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். வேலை மாறினாலும் சீக்கிரம் பசியாறும் பழக்கம் மாறவில்லை.

படி 1: வருவதற்கு முன்

கார் இருந்தால் நல்லது, மோட்டார் இருந்தால் இன்னும் நல்லது. தாமான் சந்துகளில் நிறுத்த இடம் தேடியே காலை போய்விடும். இரண்டும் இல்லையென்றால் எம்ஆர்டியிலோ கொமுட்டர் ரயிலிலோ காஜாங்குக்கு வந்து, அங்கிருந்து கிராப் வாடகைக் கார் எடுங்கள்.

சில்லறையாக 40, 50 வெள்ளி கையில் இருக்கட்டும். சாலையோர மேசையில்கூட இப்போது கியூஆர் அட்டை தொங்குகிறது என்பது உண்மை. ஆனால் வடை விற்கும் பாட்டியிடம் ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினால் மொத்த வரிசையும் நின்றுவிடும். ஒரு டிபன் கேரியரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சூடான குழம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டு வருவதைவிட அது மேல். கேரியரை நீட்டினால் சில அக்காமார் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவதும் உண்டு.

சனிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுங்கள். வார நாளில் எல்லாம் அவசரம், பேச ஆள் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை புரோகா குன்று ஏறி இறங்கியவர்களின் கூட்டம் கடைகளை நிறைத்துவிடும்.

படி 2: காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை

உங்கள் பயணத்தில் பாதிக் கவனம் இந்த மூன்று மணி நேரத்துக்குத்தான்.

பெரிய சாலையை விட்டுப் பழைய தாமான் ஒன்றுக்குள் நுழையுங்கள். எந்தத் தாமான் என்று கேட்டால், ஒரு மாரியம்மன் கோயிலோ முனீஸ்வரர் கோயிலோ, ஒரு தமிழ்ப்பள்ளியோ பக்கத்தில் இருக்கிற தாமான். ரிஞ்சிங் பக்கம் தொடங்கலாம். பள்ளி வாசல், கோயில் முனை, பஸ் நிற்கும் இடம் இந்த மூன்றையும் ஒருமுறை சுற்றி வந்தால் குடை விரித்த மேசைகள் கண்ணில் படும்.

எந்த மேசையில் நிற்பது? கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தொழிற்சாலைச் சட்டையோடு மோட்டாரை அணைக்காமலே "வழக்கமானது" என்று கேட்கிற ஆள் நின்றால் அது தினம் சாப்பிடத் தகுந்த கடை. மேசையில் நாலைந்து வகைக்கு மேல் இல்லையென்றால் இன்னும் நல்லது. இருபது வகை வைத்திருப்பவர் எங்கிருந்தோ வாங்கி வந்து விற்கிறார் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் புட்டு மாயத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் இடியப்பம் என்பார்கள். இங்கே அதைத் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துத்தான் சாப்பிடுவது வழக்கம். தேங்காயைக் கவனியுங்கள். வெள்ளை வெளேரென்று ஈரமாக இருந்தால் அன்று காலை துருவியது. ஓரத்தில் மஞ்சள் தட்டியிருந்தால் வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு நகருங்கள். இழை விரலில் ஒட்டாமல் பிரிய வேண்டும். கொஞ்சம் குழம்பும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் செய்கிறவர் என்றால் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சிறு பாத்திரத்தில் இருக்கும்.

அடுத்தது நாசி லெமாக், தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் சம்பலும். இது மலாய்க்காரர்களின் உணவு. ஆனால் தோட்டத்துத் தமிழ் வீடுகளில் அதற்கு ஒரு தனிப் பக்குவம் வந்துவிட்டது. சம்பலில் வெங்காயம் கூடுதலாக வதங்கியிருக்கும், இனிப்பு குறைவாக இருக்கும், சிலர் நெத்திலியோடு கருவாடும் சேர்ப்பார்கள். மலாய் மாக்சிக் (வயதில் மூத்த பெண்) ஒருவரிடம் ஒரு பொட்டலமும் தமிழ் அக்கா ஒருவரிடம் ஒரு பொட்டலமும் வாங்கி, இரண்டையும் பிரித்து வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். எது நல்லது என்பது உங்கள் நாக்கின் விஷயம். எனக்குச் சோற்றில் மாக்சிக், சம்பலில் அக்கா.

வடை, அப்பம், இட்லி எல்லாம் கிடைக்கும். வடையை மட்டும் எண்ணெயிலிருந்து எடுக்கும்போதே வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய வடைக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கி வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். ஒரு மேசையில் இரண்டு புட்டு மாயம், அடுத்ததில் ஒரு வடை, மூன்றாவதில் ஒரு பொட்டலம். பிறகு இவற்றைத் தூக்கிக்கொண்டு கோப்பிக் கடையில் உட்காரலாமா என்றால், சில கடைகளில் வெளிச் சாப்பாட்டை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். உட்காரும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தண்ணி சொல்லுங்கள்.

தண்ணி சொல்லும் முறை வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் குழப்பும். தே என்றால் கெட்டிப்பால் போட்ட தேநீர். தே ஓ என்றால் பாலில்லாமல், சர்க்கரையோடு. தே ஓ கோசோங் என்றால் சர்க்கரையும் இல்லை. இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் குராங் மானிஸ் என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் பாயசம் மாதிரிதான் வரும். ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர்கள், குழம்பைத் தட்டு நிறைய ஊற்றச் சொல்ல "பஞ்சிர்" என்றால் போதும். ஊறுவதற்குள் சாப்பிட்டு முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 3: சந்தைக்குள் ஒரு சுற்று

பத்து மணிக்கு மேல் மேசைகள் மடங்கிவிடும். அந்த இடைவெளியில் காலைச் சந்தைக்குப் போங்கள். சாப்பிட அல்ல, மதியம் எந்தக் கடைக் கறியில் என்ன இருக்கப்போகிறது என்று பார்க்க.

முருங்கைக்கீரை, கங்குங், பாக்கு என்கிற பெரணித் தளிர் எல்லாம் கட்டுக் கட்டாக இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு அபூர்வங்கள் கண்ணில் படும். ஒன்று செம்பனைக் குருத்து. செம்பனை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளில் காய்ப்பு குறைந்துவிடும், மறுநடவுக்காக வெட்டிச் சாய்ப்பார்கள். அப்போது மரத்தின் உச்சியில் இருக்கும் வெள்ளைக் குருத்தை வெட்டி எடுத்து வருவார்கள். தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டுச் சமைத்தால் மூங்கில் குருத்தைவிட மென்மையாக இருக்கும். இன்னொன்று மழைக்குப் பிறகு, பழம் எடுத்த வெற்றுக் குலைகள் குவிந்து மக்கும் இடத்தில் முளைக்கிற செம்பனைக் காளான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கறிக்குச் சமம். காளானை நீங்களே போய்ப் பறிக்க முயல வேண்டாம். பழகியவர்கள் பறித்து விற்பதை வாங்குங்கள்.

எந்தக் கடைக்காரர் எதை மூட்டையாக வாங்குகிறார் என்று கவனித்து, "எந்தக் கடைண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட நம்பகமான விளம்பரம் கிடையாது.

படி 4: மதியம், பன்னிரண்டுக்கு முன்

வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பதினொன்றே முக்காலுக்குள் உட்கார்ந்துவிடுங்கள். அந்த நேரத்தில் வறுவல் எல்லாம் அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும், மீன் தலை இன்னும் இருக்கும். ஒரு மணிக்கு வந்தால் வாலும் குழம்பும்தான்.

இலையில் சோறு, மூன்று காய், அப்பளம், மோர் மிளகாய். குழம்பில் கோழியா மீனா பருப்பா என்று கேட்பார்கள். கலந்து ஊற்றச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கறிவகைத் தட்டுகளுக்குத் தனி விலை. ஆட்டுக்கறி வறுவலும் நண்டும் இறாலும் எடுக்கும் முன் விலை கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கேட்காமல் எடுத்துவிட்டுக் கல்லாவில் நின்று முணுமுணுப்பதுதான் நன்றாக இருக்காது.

ஒரு கடையின் தரத்தை நான் ரசத்தை வைத்துத்தான் அளப்பேன். கறிக்கு மசாலா கைகொடுக்கும், ரசத்துக்கு ஒன்றும் கைகொடுக்காது. ஒரு டம்ளர் தனியாகக் கேளுங்கள். மிளகும் சீரகமும் மூக்கில் ஏறினால் உட்காருங்கள், இன்னொரு முறை சோறும் வாங்குங்கள். வெறும் புளித்தண்ணீராக இருந்தால் அந்தக் கடையின் மற்ற எதையும் மெனக்கெட்டுச் சாப்பிட வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

சில தமிழ்க் கடைகளில், பீர் விற்கும் கடைகளில் குறிப்பாக, காட்டுப்பன்றி வறுவல் கிடைக்கும். செம்பனைக் காட்டில் பன்றி விரட்டிய காலத்திலிருந்து வந்த பக்குவம். மிளகு தூக்கலாக, எண்ணெய் பிரியும்வரை வறட்டியிருப்பார்கள். முஸ்லிம் நண்பரோடு வந்தால் இந்தக் கடைகளைத் தவிர்த்துவிடுங்கள். உங்களோடு வருகிறவர் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறி எடுக்கும்போது கேட்டு எடுங்கள். கடைக்காரர்களுக்கு இது பழகிப்போன கேள்விதான்.

தமிழ்ச் சாப்பாடு மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். செமினியும் அடுத்துள்ள பெரானாங்கும் நெகிரி செம்பிலான் எல்லைக்குப் பக்கம். அந்த எல்லையைத் தாண்டி வருகிற மினாங்கபாவ் சமையலில் மாசாக் லெமாக் சிலி ஆப்பி என்று ஒன்று உண்டு. தேங்காய்ப்பாலும் மஞ்சளும் காந்தாரி மிளகாயும் சேர்ந்த மஞ்சள் குழம்பு. புகையில் வாட்டிய இறைச்சியையோ மீனையோ அதில் போடுவார்கள். மலாய்ச் சோற்றுக் கடையில் அதை ஒரு கரண்டி கேட்டு வாங்குங்கள். மிளகாய் சின்னதாக இருக்கிறதே என்று கடித்துவிட வேண்டாம். பழைய டவுனின் சீனக் கோப்பிக் கடைகளில் மீ வகைகள் நன்றாக இருக்கும். அவை மதியத்தைவிடக் காலையில்தான் சுவை.

படி 5: நான்கு மணி

பொரித்த வாழைப்பழமான பிசாங் கோரெங், மீன் மாவில் செய்த கெரோப்போக் லேக்கோர், தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்ந்த செண்டோல். சாலையோர வண்டி எதுவானாலும் சரி, எண்ணெய் கருப்பாக இல்லாவிட்டால் போதும். செண்டோலில் குலா மெலாக்கா வெல்லம் தாராளமாக இருக்க வேண்டும். அதிக நேரம் இங்கே செலவழிக்காதீர்கள், இரவு காத்திருக்கிறது.

படி 6: மாலையும் இரவும்

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை ஒவ்வொரு தாமானுக்கும் வாரத்தில் ஒரு நாள். கிழமையைக் காலையில் வடை வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்குள் போய்விடுங்கள். ஏழு மணிக்கு மேல் நடக்கவே இடமிருக்காது, மழை வந்தால் பாதிக் கடை மூட்டை கட்டிவிடும். முதலில் எதையும் வாங்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வாருங்கள். திரும்பி வரும்போது வாங்குங்கள். ஆப்பாம் பாலேக், முர்தபாக், கரும்புச்சாறு எங்கும் கிடைப்பவைதான். தேட வேண்டியது கச்சான் பூத்தே வண்டி. கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு, காரமான மாவுப் பொரியல் எல்லாம் காகிதப் பொட்டலத்தில் கலந்து தருவார்கள். ருசி பார்க்க ஒரு கை அள்ளித் தருவதும் இந்த வியாபாரத்தில் இன்னும் இருக்கிற நல்ல பழக்கம்.

புரோகா சாலைப் பக்கமும் புதிய கடைவரிசைகளும் மாணவர்களுக்கும் இளம் குடும்பங்களுக்குமானவை. கொரியப் பொரித்த கோழி, கஃபே, பர்கர். சிலவற்றில் நல்ல கோப்பி கிடைக்கிறது. நெரிசல் இல்லாமல் உட்கார்ந்து பேசவும் முடியும். ஆனால் செமினியைச் சாப்பிட வந்தவருக்கு அங்கே அவசரமில்லை.

குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தே சாப்பிட வேண்டுமென்றால் திரும்பும் வழியில் காஜாங்கில் நிறுத்துங்கள். ஜாவாவிலிருந்து வந்தவர்கள் அங்கே வேரூன்றச் செய்த கைப்பக்குவம் அது. பத்துக் குச்சியோடு நாசி இம்பிட் என்கிற அழுத்திய சோறும் வெள்ளரியும் கேளுங்கள். நள்ளிரவைத் தாண்டிப் பசித்தால் மாமாக் கடை இருக்கவே இருக்கிறது. மீ கோரெங்கை மாமாக் கடையில் இரவில் சாப்பிட வேண்டும். சட்டி சூடேறி, சமைப்பவர் கை வேகம் பிடித்த பிறகுதான் அந்த லேசான கருகல் வாசம் வரும்.

படி 7: மாதம் பார்த்து வருவது

ஆண்டு முழுவதும் ஊர் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். தோட்டக் கோயில் திருவிழாவில் அன்னதானம் நடக்கும். வெளியாள் என்று யாரும் விரட்ட மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள். அண்டாவில் வெந்த சாம்பார் எந்தக் கடையிலும் கிடைக்காது.

செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்தால் தமிழ்க் கடைகளில் சைவ வகைகள் பெருகும். சனிக்கிழமைகளில் இலை கிடைக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஏறக்குறைய அதே பருவத்தில் சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாவும் வரும். மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகளைக் காணலாம். ரமலானில் மாலை நான்கு மணியிலிருந்து பஜார். நோன்பு இல்லாதவர்களும் வாங்கலாம், ஆனால் வாங்கிய இடத்திலேயே நின்று மெல்ல வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான். உலு லங்காட் கம்பத்துப் பழம் சாலையோரத்தில் குவியும். கடைக்காரர் பிளந்து காட்டிய பிறகு காசு கொடுங்கள்.

படி 8: பேச்சும் படமும்

தமிழ்க் கடையில் அக்கா, அண்ணே. வயதானவர் என்றால் அம்மா, ஐயா. சீனக் கடையில் ஆண்டி, அங்கிள். மலாய்க்காரரிடம் காக், பாங், மாக்சிக். உங்களைவிடச் சின்னவராக இருந்தாலும் பரிமாறுகிறவரை "தம்பி" என்று அதட்டலாகக் கூப்பிடாதீர்கள். "போஸ்" என்றால் எல்லாருக்கும் பொருந்தும்.

கடைகளில் நகராண்மைக் கழகம் கொடுத்த சுத்தத் தர அட்டை மாட்டியிருக்கும். ஏ என்றால் நிம்மதி, பி என்றால் பரவாயில்லை. சி என்றால் நான் தண்ணியோடு எழுந்துவிடுவேன். உணவு கையாள்பவர்கள் பயிற்சி எடுத்து டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வீட்டு வாசல் மேசையில் அட்டை எதுவும் இருக்காது. அங்கே கண்ணால்தான் பார்க்க வேண்டும். மூடி போட்டிருக்கிறாரா, காசு வாங்கிய கையாலேயே வடையை எடுக்கிறாரா, கழுவத் தண்ணீர் வைத்திருக்கிறாரா.

படம் எடுத்து டிக்டாக்கில் போடும் ஆசை வரும். பெரிய கடை என்றால் தாராளமாகப் போடுங்கள். வாசல் மேசை என்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள், அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். சிலரிடம் உரிமம் இருக்காது. சிலருக்குத் தனியாள் கையால் ஆட்டி முடிகிற மாவுக்கு மேல் செய்ய முடியாது. காணொளி பரவி நூறு பேர் வந்து நின்றால், தினம் வாங்குகிற தொழிற்சாலைக்காரருக்குப் பசியாறல் இல்லாமல் போய்விடும்.

அதற்குப் பதில் அவருடைய வாட்ஸ்அப் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வடை விற்கும் அதே அக்காமாரில் பலர் தீபாவளிக்கு முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம் எல்லாம் டின் கணக்கில் செய்து தருவார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி, பாதிக் காசை முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. காலி டின்னை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.